கால்டன் கேஸ்: தொலைஞ்ச மகன், தொலைஞ்ச அப்பா, நடுவுல ரீனோ

முதல்லயே சொல்லிடறேன், இதுல கடைசி முடிச்சு வரைக்கும் எல்லாத்தையும் போட்டு உடைக்கப்போறேன். அமெரிக்க டிடெக்டிவ் நாவல் எழுத்தாளர் ராஸ் மெக்டொனால்டோட 'த கால்டன் கேஸ்' படிக்கணும்னு எடுத்து வச்சிருக்கவங்க படிச்சிட்டு வாங்க, 1959-ல வந்த புக்கு, எங்கயும் ஓடிடாது.

இந்த கேஸ்ல நானே ரொம்ப நாளா ஒரு தப்பு பண்ணிட்டிருந்தேன். 1959-ல அந்த எழுத்தாளரோட சொந்த மகள் காணாமப்போறா. அதே 1959-ல காணாமப்போன மகனைத் தேடுற நாவல் வருது. நான் ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டு, பாவம் மனுஷன், பொண்ணைத் தொலைச்ச வலியில எழுதியிருக்காருன்னு நாலஞ்சு பேர்கிட்ட அடிச்சு வேற சொல்லியிருக்கேன். அப்புறம் ஒருநாள் தேதியை வரிசையா எழுதிப் பார்த்தா தலைகீழா இருக்கு. பொண்ணு காலேஜ்லருந்து போனது 1959 மே 30. நாவல் அதுக்கு முன்னாடியே எழுதி முடிச்சாச்சு. கதைதான் மொதல்ல, சம்பவம் அதுக்கப்புறம். இந்த ஒரு வரிசை மாறினதும், சரி அப்போ இந்த நாவல்ல இவர் யாரைத் தேடிட்டிருந்தாருன்னு ஒரு கேள்வி வந்து உக்காந்துகிச்சு, அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

கதை இப்படி. கலிஃபோர்னியாவுல சாண்டா தெரெசான்னு ஒரு ஊர், சாண்டா பார்பராவுக்கு அவர் வச்ச கற்பனைப் பேரு. அங்க மரியா கால்டன்னு ஒரு பணக்காரக் கிழவி, புருஷன் இல்ல, உடம்பும் சரியில்ல. அவங்க ஒரே மகன் ஆன்டனி இருபது வருஷத்துக்கும் முன்னாடி, 1936 வாக்குல, வீட்டுக்குப் பிடிக்காத ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டு போனவன் போனவன்தான். அப்போ முறைச்சுக்கிட்ட அம்மா இப்போ சாகறதுக்குள்ள ஒருதடவை பார்த்துடணும்னு நிக்கறாங்க. குடும்ப வக்கீல் கோர்டன் சேபிள் மூலமா லூ ஆர்ச்சர்ங்கற பிரைவேட் டிடெக்டிவ்வைக் கூப்பிடறாங்க. ஆர்ச்சருக்கே நம்பிக்கை இல்ல, இத்தனை வருஷம் கழிச்சு எங்க போய்த் தேடறது, காசு வீண்தான்னு நெனச்சுக்கிட்டேதான் கேஸை எடுக்கறான்.

கேஸ் எடுத்த அன்னைக்கே வக்கீல் வீட்டு வேலைக்காரன் கல்லிகன் கத்திக்குத்துல செத்துக் கிடக்கறான். பழைய காணாமப்போன கேஸ் ஒரு பக்கம், புதுக் கொலை ஒரு பக்கம், ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி போகும், நாமளும் இது என்னடா ரெண்டு கதையான்னு முழிப்போம்.

துப்பு கிடைக்கற விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பணக்கார வீட்டுப் பையன் ஆன்டனிக்கு கவிஞனாகணும்னு ஆசை, 'ஜான் பிரவுன்'ங்கற சாதாப் பேர்ல ஒரு சின்னப் பத்திரிகையில கவிதை போட்டிருக்கான். கவிதையோட பேரு லூனா. ஆர்ச்சர் சான் ஃபிரான்சிஸ்கோவுல, பின்னாடி ஜாஸ் வாசிக்க முன்னாடி கவிதை படிக்கற ஒரு இடத்துக்குப் போய், அந்தக் காலத்துல அந்தப் பத்திரிகை நடத்தினவனைப் பிடிக்கறான். அவனுக்கு ஞாபகம் இருக்கு, அந்த ஜோடி கடற்கரையோரம் லூனா பேங்கற ஊர்ல இருந்தாங்கன்னு. இதுல கைரேகை கிடையாது, சிகரெட் சாம்பல் கிடையாது, யாரும் படிக்காத ஒரு சிற்றிதழ் கவிதைதான் ஊரைக் காட்டிக்கொடுக்குது. நம்மூர்ல அஞ்சாறு சிற்றிதழ் நடத்தி வீட்டுல திட்டு வாங்கினவங்க எல்லாரும் இந்த அத்தியாயத்தை ஃபிரேம் போட்டு மாட்டிக்கலாம்.

லூனா பேயில ரெண்டு விஷயம் கிடைக்குது. ஒண்ணு, மண்ணைத் தோண்டினப்போ வெளிய வந்த ஒரு ஆம்பள எலும்புக்கூடு, தலை மட்டும் இல்ல. இன்னொண்ணு, பெட்ரோல் பங்க்ல வேலை பாக்கற ஒரு வாலிபன். அவன் பேரும் ஜான் பிரவுன், எங்கப்பாவைத் தேடித்தான் இந்த ஊருக்கு வந்தேங்கறான்.

தலை இல்லாத எலும்புக்கூடு ஆன்டனிதான்னு எப்படி முடிவு பண்றாங்கன்னா, சின்ன வயசுல கை முறிஞ்சு சேர்ந்த தடம். குடும்ப டாக்டருக்கு அது தெரியும். இதைப் படிச்சப்போ எனக்கு எங்க எஸ்எஸ்எல்சி புக்குல எழுதற அங்க அடையாளங்கள் ஞாபகம் வந்துச்சு, இடது முழங்கால்ல ஒரு தழும்பு, வலது கன்னத்துல ஒரு மச்சம்னு ஸ்கூல் கிளார்க் நம்மள நிக்க வச்சுத் தேடுவாரே, அதேதான். எங்க தெருவுல ஒரு ஆத்தாவோட மகன் சின்ன வயசுல ஓடிப்போய், ரொம்ப வருஷம் கழிச்சு தாடியோட ஒருத்தர் வந்து நின்னப்போ, சொந்தக்காரங்க எல்லாம் சட்டையைக் கழட்டு, முதுகுல சூடு பட்ட தழும்பு இருக்கான்னு பார்க்கணும்னு நின்னாங்க. அந்த ஆத்தா யாரையும் பார்க்க விடல. எனக்குத் தெரியும், உள்ள வாடான்னு கூட்டிட்டுப் போயிடுச்சு. தழும்பு இருந்துச்சா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் தெருவுல பேச்சு ஓயல.

மரியா கால்டனும் இந்த ஆத்தா கணக்குதான். மகன் செத்தது உறுதியாகுது, ஆனா பேரன் கிடைச்சுட்டான், மூக்கும் முழியும் அப்படியே மகன், போதும், வேற ஆதாரம் வேணாம். சுத்தி இருக்கவங்களுக்குத்தான் டவுட்டு. டாக்டருக்கு டவுட்டு, அவரோட பொண்ணு வேற இந்தப் பையன்கிட்ட மனசைக் குடுத்துடுது. இப்போ ஆர்ச்சரோட வேலை மாறிப்போச்சு, தொலைஞ்சவனைத் தேடினது போக, வந்து நிக்கறவன் யாருன்னு தேடணும். காணாமப்போனவங்க கதையில பாதிக்கு மேல தேடறதுலயே ஓட்டிடுவாங்க. இவர் ஆளைச் சீக்கிரமே கொண்டு வந்து நிறுத்திட்டு, இப்போ கண்டுபிடிடான்னு விடறாரு.

தேடிப்போனா பையனோட பழைய வாழ்க்கை ஒவ்வொண்ணா உரியுது. மிச்சிகன்ல ஆன் ஆர்பர்ங்கற ஊர்ல இருக்கற யுனிவர்சிட்டியில வேற பேர்ல படிச்சிருக்கான், மேடையில நடிச்சிருக்கான். அதுக்கு முன்னாடி கனடாவுல, ஒன்டாரியோ மாகாணத்துல பிட்னு ஒரு அழுக்கு டவுன், அங்க ஒரு மட்டமான லாட்ஜு மாதிரி வீடு நடத்தற அம்மாவுக்கு மகனா தியோ ஃபிரெடெரிக்ஸ்ங்கற பேர்ல வளர்ந்திருக்கான். பதினாறு வயசுல அங்கருந்து ஓடியிருக்கான். அப்போ போலி. ஸ்டேஜ் ஆக்டரைப் பிடிச்சு ட்ரெயினிங் குடுத்து கிழவி சொத்துக்கு வாரிசா இறக்கியிருக்காங்க. இறக்கினது யாரு? வேற யாரு, குடும்ப வக்கீலேதான். அவரோட இளம் பொண்டாட்டி நெவாடாவுல ரீனோ போய் சூதாட்டத்துல பெரிய தொகையை விட்டுட்டு கடன்ல நிக்குது, அந்த ஊர் சூதாட்ட தாதா கழுத்தைப் பிடிக்கறான், வக்கீலுக்குப் பணம் வேணும். கூட்டாளி கல்லிகனை வாய் திறக்கறதுக்கு முன்னாடி குத்தினதும் வக்கீல்தான், அதைப் பண்ணினது நீதான்னு பொண்டாட்டியையே நம்ப வச்சிருக்கான் பாவி. நடுவுல ஆர்ச்சரும் ரீனோ போய் அடி வாங்கி ஆஸ்பத்திரியில கிடக்கறான். இந்த ரீனோவை ஞாபகம் வச்சுக்கோங்க.

இங்கயே முடிச்சிருந்தா நல்ல த்ரில்லர், அவ்வளவுதான். ஆனா ஆர்ச்சர் பிட் டவுனுக்குப் போய் அந்த அம்மாகிட்ட உக்காந்து பேசறான். அப்போதான் அடி மண்ணு வெளிய வருது. அந்தப் பையன் நிஜமாவே ஆன்டனி கால்டனோட மகன். 1936-ல ஒரு ஜெயில் தப்பின ரவுடி ஆன்டனியைக் கொன்னு தலையை வெட்டினப்போ, கைக்குழந்தை உயிரோட இருக்கணும்னா என் கூட வான்னு அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு கனடாவுக்கு ஓடியிருக்கான். அவ புள்ளைக்காக, புருஷனைக் கொன்னவன் கூடவே அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கா. பையனுக்கு இது எதுவும் தெரியாது. தான் போலின்னு நெனச்சுக்கிட்டு நடிக்கறான், நடிக்கற வேஷம் அவனோட சொந்த வாழ்க்கை.

இந்தத் திருப்பம் மேல எனக்கு ஒரு கம்ப்ளைன்ட்டும் இருந்துச்சு, அதை மறைக்கறதுக்கில்ல. போலியா பிடிச்சுட்டு வந்தவனே அசல்னா அது என்ன லாட்டரியா? ரெண்டாவது தடவை படிச்சப்போதான் கல்லிகன் விஷயம் உறைச்சுது. அவன் லூனா பே காலத்துலயே அந்த ரவுடி கூட்டத்தோட சுத்தினவன், அவனோட அப்போதைய பொண்டாட்டிதான் ஆன்டனி குடும்பத்துக்கு நர்ஸ் வேலை பார்த்தது. அவனுக்கு அந்த லாட்ஜும் தெரியும், அதுல வளர்ந்த பையனையும் தெரியும். அப்போ பையனோட முகம் ஆன்டனி மாதிரி இருக்குன்னு பிடிச்சாங்க, முகம் அப்படி இருக்கறதுக்குக் காரணம் அவன் ஆன்டனி மகன்ங்கறது. தற்செயல் பாதி கரைஞ்சிடுது. மீதிப் பாதி இருக்கத்தான் செய்யுது, நான் மன்னிச்சுட்டேன்.

சரி இப்போ எழுதினவரோட கேஸுக்கு வருவோம். ராஸ் மெக்டொனால்ட் புனைபேரு. நிஜப் பேரு கென்னத் மில்லர், 1915 டிசம்பர்ல கலிஃபோர்னியா லாஸ் கேட்டோஸ்ல பொறந்தாரு, அப்பா அம்மா கனடாக்காரங்க, சின்னக் குழந்தையாவே கனடாவுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. வான்கூவர்ல அப்பா கப்பல் வேலை பார்த்த ஆளு, பையனுக்கு நாலு வயசு வாக்குல குடும்பத்தை விட்டுப் போயிட்டாரு. அம்மா உடம்பு முடியாதவங்க, கையில காசு கிடையாது, பையனை இழுத்துக்கிட்டு ஒன்டாரியோவுல சொந்தக்காரங்க வீடு வீடா ஏறி இறங்கினாங்க, தெருவுல சாப்பாட்டுக்குக் கை நீட்டினதும் உண்டு. ஒருதடவை ஆறு வயசுப் பையனை அநாதை இல்லத்து இரும்பு கேட் வரைக்கும் கூட்டிட்டுப் போய் நின்னு, உள்ள விட மனசு வராம திரும்பக் கூட்டிட்டு வந்திருக்காங்க. அந்த கேட்டை அவர் சாகற வரைக்கும் மறக்கல. பதினாறு வயசுக்குள்ள எத்தனை ரூம்ல குடியிருந்தோம்னு பின்னாடி எண்ணிப் பார்த்திருக்காரு, அம்பது வந்துச்சாம்.

அம்பது ரூம். நான் என் கணக்கை எண்ணிப் பார்த்தேன், ஹாஸ்டலையும் சேர்த்து ஏழு.

அப்பா செத்தப்புறம் வந்த இன்ஷூரன்ஸ் பணத்துலதான் காலேஜ் சேர்ந்தாரு. ஸ்கூல்ல கூட படிச்ச மார்கரெட்டை 1938-ல கல்யாணம் பண்ணாரு. இந்தம்மா சாதாரண ஆள் இல்ல, வீட்டுல முதல்ல மர்ம நாவல் எழுதி அச்சுல வந்ததே அவங்கதான், 1956-ல எட்கர் விருதும் வாங்கினாங்க. இவர் ஆன் ஆர்பர்ல மிச்சிகன் யுனிவர்சிட்டியில கவிஞர் கோல்ரிட்ஜ் பத்தி ஆராய்ச்சி பண்ணி டாக்டரேட் வாங்கினவரு. அப்படியே மறுபடி நாவலைப் பாருங்க. கனடாவுல மட்டமான வீட்டுல வளர்ந்து, ஆன் ஆர்பர்ல படிச்சு, பார்டர் தாண்டி கலிஃபோர்னியாவுக்கு வந்து, இங்கதான்டா என் அப்பன் வீடுன்னு கேக்கற பையன். பேரு பிரவுன், ஃபிரெடெரிக்ஸ்னு அடுக்கடுக்கா மாத்திக்கறவன். மில்லரும் ஜான் மெக்டொனால்ட்னு ஆரம்பிச்சு, ஜான் டி. மெக்டொனால்டுன்னு இன்னொரு எழுத்தாளர் இருந்து தகராறு வந்ததால ஜான் ராஸ்னு மாத்தி, கடைசியா வெறும் ராஸ்ல வந்து நின்னவரு. அந்த மெக்டொனால்டே அவர் அப்பாவோட நடுப்பேருதான். விட்டுட்டுப் போன மனுஷன் பேரைத்தான் ஒவ்வொரு அட்டையிலயும் அச்சடிச்சிருக்காரு.

டிடெக்டிவ் பாத்திரம் எதுக்குன்னு அவரே ஒரு கட்டுரையில விளக்கியிருக்காரு. வெல்டிங் பண்றவங்க மூஞ்சிக்கு முன்னாடி ஒரு மறைப்பு பிடிப்பாங்களே, அந்த மாதிரியாம், கொதிக்கற சங்கதியைக் கிட்ட நின்னு கையாளணும்னா அது வேணும். பட்டறையில பார்த்திருக்கேன், அந்தக் கறுப்புக் கண்ணாடி இல்லாம ஒரு நிமிஷம் பார்த்தாலும் ராத்திரி முழுக்க கண்ணுல மணலைக் கொட்டின மாதிரி எரியும். ஆர்ச்சர் அதிகம் பேசாததுக்கும் அதான் காரணம்னு நெனக்கறேன். ஆர்ச்சர் முதல் நாவல் 1949-ல வந்தப்போ, இவருக்கு முன்னோடியான டிடெக்டிவ் நாவல் எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் ஒரு லெட்டர்ல, காருல துரு பிடிச்சிருக்குன்னு சொல்றதை விட்டுட்டு முகப்பரு மாதிரி துருன்னு எழுதறான் பாருன்னு கிண்டலடிச்சாரு. சாண்ட்லர் சொன்னதுல நியாயம் இருக்கு, ஆரம்பத்துல உவமையா அள்ளிக் கொட்டுவாரு. கால்டன் கேஸ்ல அது வத்திப்போச்சு. சாண்ட்லர் நிழலை விட்டு விலகினது இதுக்கு முந்தின நாவல், 1958-ல வந்த 'த டூம்ஸ்டர்ஸ்'லதான்னு மில்லரே சொல்லியிருக்காரு.

நடுவுல ஒரு விஷயம் இருக்கு, அதைச் சொல்லாம இந்த கேஸ் நகராது. 1956 பிப்ரவரியில சாண்டா பார்பராவுல பதினாறு வயசு மகள் கார் ஓட்டிப் போய் நடந்து போனவங்க மேல மோதிடுறா, ஒரு சின்னப் பையன் செத்துப்போறான், அவ நிறுத்தாம போயிடுறா. கோர்ட்டு, மனநல சிகிச்சை, நன்னடத்தைக் காவல். குடும்பமே ஒரு வருஷம் ஊரை விட்டு வடக்கே மென்லோ பார்க் போயிடுச்சு. அங்க மில்லரும் மனநல சிகிச்சை எடுத்துக்கிட்டாரு, சின்ன வயசுக் கதையை எல்லாம் கிளறினது அப்போதான். திரும்பி வந்து எழுதினதுதான் கால்டன் கேஸ். அப்போ என்னோட பழைய தியரி முழுக்கத் தப்புன்னும் சொல்ல முடியாது, மகள்தான் காரணம், ஆனா தொலைஞ்சதால இல்ல. அவ பண்ணின காரியம் அவரைத் தன்னோட நாலு வயசு வரைக்கும் பின்னாடி இழுத்துட்டுப் போயிருக்கு, அங்க போய்ப் பார்த்தா காணாமப்போனவரு அப்பா.

நாவல் முடிஞ்சு, அச்சுக்குப் போய், 1959 மே 30. மகளுக்கு இப்போ பத்தொம்பது வயசு, டேவிஸ்ல கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி கேம்பஸ்ல படிக்கறா. வெளிய போனவ திரும்பல. நன்னடத்தைக் காவல்ல இருக்கற பொண்ணு மாநிலம் தாண்டினாலே பிரச்சனை. பத்து வருஷமா பக்கம் பக்கமா பிரைவேட் டிடெக்டிவ் கதை எழுதின மனுஷன் இப்போ கைக்காசு போட்டு நிஜப் பிரைவேட் டிடெக்டிவ்வை அமர்த்தறாரு. பேப்பர்காரங்களைக் கூப்பிட்டு மகளுக்குச் சொல்ற மாதிரி பேசறாரு, எங்க இருந்தாலும் வீட்டுக்கு வந்துடும்மாங்கற தோரணையில. நம்ம பேப்பர்ல காணவில்லை விளம்பரத்துல பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்குக் கீழ, உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம், அம்மா படுத்த படுக்கையா இருக்கான்னு போடுவாங்களே, உலகம் பூரா அப்பன்களுக்கு அதே நாலு வரிதான் போல.

கிட்டத்தட்ட பத்து நாள் கழிச்சு மகள் உயிரோட கிடைச்சா. கிடைச்ச இடம் ரீனோ.

நாவல்ல வக்கீல் பொண்டாட்டி பணத்தை விட்ட அதே ரீனோ, ஆர்ச்சர் அடி வாங்கின ரீனோ. இதுல மாயமந்திரம் எதுவும் இல்ல, வட கலிஃபோர்னியாவுல இருந்து ஓடற யாருக்கும் மலையைத் தாண்டினா வர்ற முதல் பெரிய ஊரு அது, சூதாட்டம் சட்டப்படி செல்லற மாநிலம், ராத்திரி முழுக்க விளக்கு எரியும், யாரு என்னன்னு கேக்க மாட்டாங்க. அதனாலதான் அவர் கதையிலயும் அந்த ஊர் வந்துச்சு. இருந்தாலும் போன்ல அந்தப் பேரைக் கேட்டப்போ மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சா எனக்கு வயித்தைப் பிசையுது. அவரே ரத்தக்கொதிப்பு ஏறி ஆஸ்பத்திரியில படுத்தாரு.

அதுக்கப்புறம் வந்த ஆர்ச்சர் நாவல்களைத்தான் மகள் தொலைஞ்ச நிழல்ல வச்சுப் படிக்கணும். 1965-ல வந்த 'த ஃபார் சைட் ஆஃப் த டாலர்'ல ஸ்பெஷல் ஸ்கூல்லருந்து ஓடின பையன், 1968-ல வந்த 'த இன்ஸ்டன்ட் எனிமி'ல ஓடிப்போன பொண்ணு, 1971-ல வந்த 'தி அண்டர்கிரவுண்ட் மேன்'ல காட்டுத்தீக்கு நடுவுல தொலையற சின்னப் பையன். கவனிச்சீங்கன்னா பார்வை மாறியிருக்கும். கால்டன் கேஸ்ல புள்ளை அப்பனைத் தேடி வருது, இதுலயெல்லாம் அப்பன் ஆத்தா வாசல்ல நின்னு, என் புள்ளை எங்கன்னு கேக்கறாங்க, ஆர்ச்சர் அவங்களையே திருப்பி, நீங்க என்ன பண்ணீங்கன்னு கேக்கறான். அண்டர்கிரவுண்ட் மேனுக்கு நியூயார்க் டைம்ஸ் புக் ரிவியூவோட முதல் பக்கத்துல அமெரிக்க இலக்கிய எழுத்தாளர் யூடோரா வெல்டி விமர்சனம் எழுதினாங்க. அது வர்றதுக்குக் கொஞ்ச மாசம் முன்னாடி, 1970 நவம்பர்ல, மகள் தூக்கத்துலயே செத்துப்போயிட்டா, முப்பத்தொரு வயசு.

1976-ல கடைசி ஆர்ச்சர் நாவல். மொத்தம் பதினெட்டு. அதுல பலதுலயும் ஆர்ச்சர் அடுத்தவங்க புள்ளைங்களைத்தான் தேடித் தேடி வீட்டுல கொண்டு வந்து விடறான், சில தடவை பொணமாத்தான் கொண்டு வர முடியுது. அவனுக்கு டைவர்ஸ் ஆயிடுச்சுன்னு முதல்லயே சொல்லிடறாரு. புள்ளை மட்டும் குடுக்கல.